பினாங்கில் கப்பல் நிற்பது ஒரு மதியம் மட்டும்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மணிமேகலை_திருச்சி | திங்கள், காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா போகிறோம். முதல் நிறுத்தம் பினாங்கு, அடுத்தது புக்கெட், பிறகு திரும்ப சிங்கப்பூர். பினாங்கில் வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்குக் கப்பல் அணையும், இரவு 8-க்குக் கிளம்பும் என்று போட்டிருக்கிறார்கள்.

நான், கணவர், 11 வயது மகன், மாமியார் என்று நாலு பேர். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் கஷ்டம். சுத்த சைவம்.

கணவர் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: கொடிமலை, கெக் லோக் சி கோயில், தண்ணீர்மலை முருகன், கார்ன்வாலிஸ் கோட்டை, கூ கோங்சி, சுவரோவியங்கள், ஜெட்டி வீடுகள், லிட்டில் இந்தியா. ஏழு மணி நேரத்தில் இவ்வளவும் முடியுமா? கப்பலிலேயே விற்கிற சுற்றுலா நாலு பேருக்குச் சேர்த்தால் விலை எங்கேயோ போகிறது. நாமே இறங்கிப் போனால் சமாளிக்கலாமா?

பினாங்கு_பையன் | திங்கள், காலை 10:40

வாங்க அக்கா. பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த ஏழு மணி நேரத்தை மறந்துவிடுங்கள். 1 மணிக்கு அணைகிற கப்பலில் குடிநுழைவு முடிந்து, முன்பதிவுச் சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு, உங்கள் முறை வர 1:45 அல்லது 2 ஆகிவிடும். 8-க்குக் கிளம்புகிற கப்பல் 7 மணிக்கே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லும். 6:30-க்கு வாசலில் நிற்பது நல்லது. மிச்சம் நாலரை மணி நேரம்.

அண்ணன் பட்டியலில் இருப்பது மூன்று நாள் வேலை. ஆனால் ஒரு பெரிய வசதி உங்களுக்கு இருக்கிறது. பல ஊர்களில் கப்பல் ஒரு பக்கம், பார்க்க வேண்டிய ஊர் ஒரு பக்கம். ரோமுக்குப் போகிறவர்கள் சிவிட்டாவெக்கியாவில் இறங்கிச் சுமார் ஒரு மணி நேரம் ரயிலில் போக வேண்டும். இங்கே சுவெட்டன்ஹாம் துறை 1904-ல் திறந்த பழைய துறை, பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் விக்டோரியா மணிக்கூண்டு. லிட்டில் இந்தியாவுக்குப் பத்து நிமிட நடை. 2008-ல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது இந்தத் தெருக்களைத்தான். அதை விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து மலைக்குப் போவானேன்?

என் கருத்து: ஊருக்குள் மட்டும். மலை வேண்டாம், கெக் லோக் சி வேண்டாம், தண்ணீர்மலையும் இந்த முறை வேண்டாம்.

தேக்கா_தம்பி | திங்கள், காலை 11:05

பையன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பினாங்கு வரை போய்விட்டுக் கொடிமலை ஏறாமல் வருவதா? 1923-லிருந்து ஓடுகிற மலை ரயில், மேலே குளுகுளு காற்று, அங்கிருந்து பார்த்தால் ஊர், பாலம், எதிர்க்கரை எல்லாம் ஒரே பார்வையில். ஜார்ஜ் டவுனில் இருப்பது பழைய கடைவீடுகள். அது எங்கள் சிங்கப்பூர் சைனாடவுனிலும் இருக்கிறது, தேக்கா என்கிற எங்கள் லிட்டில் இந்தியாவிலும் இருக்கிறது. கப்பல் ஏறப் போகும்போதே பார்த்துக்கொள்ளலாம். மலை சிங்கப்பூரில் கிடைக்குமா? புக்கிட் தீமாவைக் காட்டாதீர்கள், 163 மீட்டர்!

விரைவு வரிசைச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். நாங்கள் மலையும் போனோம், கீழே வந்து செண்டோலும் குடித்தோம், கப்பலும் பிடித்தோம்.

கடலோடி68 | திங்கள், மதியம் 12:30

தம்பி, உங்கள் கப்பல் எத்தனை மணிக்கு அணைந்தது?

தேக்கா_தம்பி | திங்கள், மதியம் 12:41

காலை 8 மணி, ஐயா. செவ்வாய்க்கிழமை.

கடலோடி68 | திங்கள், மதியம் 1:15

அதுதானே. காலை எட்டுக்கு இறங்குகிறவனுக்கும் மதியம் இரண்டுக்கு இறங்குகிறவனுக்கும் ஒரே ஊர் இரண்டு ஊர். நான் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பயணியாகவும் போய்வருகிறேன். சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம். அடுத்துப் போகிற புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. கைபேசி தானாக மாறிக்கொள்ளும். கப்பல் உங்கள் கைபேசியைப் பார்த்துக் கிளம்பாது. முதல் நாள் இரவு அறைக்கு வருகிற தாளில் "கப்பல் நேரம்" என்று போட்டிருக்கும். அதன்படி நடக்கிற ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அதே தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். இறங்கும்முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் விற்கிற சுற்றுலா ஏன் விலை என்றால், அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அவர்கள் செலவில் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அது கிடையாது. ஊர் துறையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நானும் கப்பல் சுற்றுலாவையே வாங்குவேன். பினாங்கில் அதற்கு அவசியமே இல்லை.

இன்னொன்று: கடலில் இருக்கும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். கப்பலுக்கென்று ஒரு செயற்கைக்கோள் வலை உண்டு. தெரியாமல் அதில் சேர்ந்துகொண்டால் வரும் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும்.

பினாங்கு_பையன் | திங்கள், மாலை 6:20

வேலை முடிந்து வந்தேன். தேக்கா தம்பிக்குப் பதில் சொல்லாமல் தூக்கம் வராது.

மலைக் கணக்கைப் பார்ப்போம். 2 மணிக்குக் கிராப் (செயலியில் அழைக்கிற வாடகைக் கார்) பிடித்தால் ஆயர் ஈத்தாம் அடிவாரத்துக்கு அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். சீட்டு, வரிசை, ரயில் எல்லாம் சேர்த்து மேலே போகும்போது 3:30. மேலே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டாமா? இறங்கும் வரிசை தனி. 5 மணிக்கு மேல் அடிவாரத்தில் நின்றால், வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் விடுகிற நேரம். ஆயர் ஈத்தாம் சாலை நகராது. துறைக்கு வரும்போது 6:15 ஆகிவிடும். மழை வந்தால் அதுவும் இல்லை. ஆக, பார்த்தது மலை மட்டும், மீதி நேரமெல்லாம் கார் சன்னல்.

அடுத்து, "சைனாடவுனிலும் கடைவீடு இருக்கிறது" என்றீர்கள். இருக்கிறது, வெள்ளையடித்து வாடகைக்கு விட்டது. ஜார்ஜ் டவுன் பிழைத்த கதை வேறு. இங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. போருக்கு முந்திய வீடுகளில் வாடகையை ஏற்ற முடியாது. அதனால் சொந்தக்காரர் இடித்துக் கட்டவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. கூடை பின்னுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், சாம்பிராணி வத்தி உருட்டுபவர் எல்லோரும் அதே வீட்டில் தலைமுறையாக இருந்தார்கள். 2000 சனவரியில் சட்டம் போனதும் வாடகை எகிறியது, நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். அதற்குள் ஊர் முழுதாகத் தப்பியிருந்தது. இன்றைக்கும் சில தெருக்களில் ஆள் குடியிருக்கிறார்கள், கீழே கடை நடக்கிறது. பாதி காப்பிக் கடையாகவும் தங்கும் விடுதியாகவும் மாறிவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அது வயிற்றெரிச்சல்தான்.

நாகூரான் | திங்கள், இரவு 9:48

மணிமேகலை அக்கா, யாரும் கவனிக்காத ஒன்று: நீங்கள் இறங்குவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை மதியம் ஒன்றேகாலுக்கு மேல் நடக்கும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி அப்போது கூட்டம், வண்டி நிறுத்த இடம் இருக்காது. சில கடைகளும் இரண்டரை வரை மூடியிருக்கும். பள்ளிவாசலுக்கு 3 மணிக்கு மேல் போங்கள். 4:30 வாக்கில் அஸர் தொழுகை வரும், அதற்குள் வெளியே வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். அங்கி அவர்களே தருவார்கள், கட்டணம் இல்லை.

இந்தப் பள்ளிவாசலை 1801-ல் தொடங்கியவர் காதிர் முகைதீன் என்ற வணிகர். தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக ஆங்கிலேயர் நியமித்த கப்பித்தான் அவர். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. சிறியதுதான், பச்சையும் வெள்ளையுமாகத் தெருமுனையில் நிற்கும். சாகுல் அமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நம் நாகூரில். இது அவர் நினைவாக 1800-களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்த நம் மக்கள் எழுப்பியது. சுற்றுலாக்காரர்கள் பலர் அதைப் பெட்டிக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா ஏறி இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் வரை போய்வந்தது. பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1980-களின் நடுவில் அதுவும் நின்றது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஒரு வாரம் வருவார்கள். நீச்சல் குளம் இல்லை என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கடலோடி68 | திங்கள், இரவு 10:20

ராஜுலா என்ற பெயரைக் கேட்டே எவ்வளவு காலம் ஆகிறது! நன்றி தம்பி. தனி இழை தொடங்குங்கள், எழுத நிறைய இருக்கிறது. இங்கே எழுதினால் அந்த அம்மாவின் கேள்வி அமுங்கிவிடும்.

மணிமேகலை_திருச்சி | செவ்வாய், காலை 8:55

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. மிக்க நன்றி.

மலையை விடச் சொன்னதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் கணக்கு சரிதான் என்கிறார். சிக்கல் அத்தைதான். "முருகன் இருக்கிற ஊரில் இறங்கிவிட்டு முருகனைப் பார்க்காமல் வருவதா" என்கிறார். தண்ணீர்மலையில் எத்தனை படி? வேறு வழி இருக்கிறதா?

ஜூரோங்_அக்கா | செவ்வாய், காலை 9:30

513 படி, மா. முழங்கால் வலியோடு கனவிலும் வேண்டாம். மேலே இருக்கிற பாலதண்டாயுதபாணி கோயில் 2012-ல் குடமுழுக்கு கண்டது, பெரிய கோயில், பார்க்க அழகுதான். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு முறை வர வேண்டும். அடிவாரத்துச் சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது. சமதரை, தேக்கு மரத் தூண்கள் என்று நம் ஊர் செட்டிநாட்டு வீடு போலவே இருக்கும். ஆனால் அதுவும் துறையிலிருந்து தள்ளித்தான், போக வர மாலை நேரத்தில் ஒரு மணிக்கு மேல் போய்விடும்.

அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஊருக்குள்ளேயே குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1833-ல் கட்டியது, பினாங்கின் பழைய இந்துக் கோயில். முருகனும் அங்கே இருக்கிறார். பக்கத்திலேயே பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் கிளம்புவது அங்கிருந்துதான். 1894-லிருந்து ஓடுகிற ரதம். ரதம் புறப்படுகிற தெருவையாவது பார்த்தாயிற்று என்று மனசு ஆறும்.

ஒரு எச்சரிக்கை: கோயில் நடை மதியம் சாத்தி மாலை 4:30 வாக்கில்தான் திறக்கும். 2 மணிக்கு இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும்.

தேக்கா_தம்பி | செவ்வாய், காலை 10:02

சரி, மதியக் கப்பலுக்கு மலை சரிப்படாது, ஒத்துக்கொள்கிறேன். காலைக் கப்பலில் வருகிறவர்கள் இதைப் படித்தால் மலைக்கே முதலில் போங்கள், அதுவும் பத்து மணிக்கு முன்னால். அதையாவது பையன் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பினாங்கு_பையன் | செவ்வாய், காலை 10:10

மறுக்கவில்லை. வார நாள் என்றால்.

கூடல்நகர்_வாசி | செவ்வாய், மதியம் 12:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுவரோவியம் சுவரோவியம் என்று எல்லோரும் எழுதுகிறார்களே, உண்மையிலேயே அதில் என்ன இருக்கிறது? போனபோது பார்த்தேன். ஒரு சைக்கிள், இரண்டு குழந்தைகள், முன்னால் படம் எடுக்க இருபது பேர் வரிசை. உலகப் பாரம்பரிய நகரத்துக்குப் போய் 2012-ல் வரைந்த ஓவியத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

பினாங்கு_பையன் | செவ்வாய், மாலை 7:05

கூடல்நகர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லித்துவேனியாக்காரர் எர்னெஸ்ட் சக்கரேவிச் வரைந்தவை அவை. நல்ல ஓவியங்கள், சுவரில் நிஜ சைக்கிளைப் பொருத்தி வரைந்த யோசனையும் அருமை. ஆனால் வெயிலிலும் மழையிலும் வெளிறிக்கொண்டே இருக்கின்றன, வரிசையும் குறைவதில்லை. தாண்டும்போது ஒரு பார்வை போதும்.

பதினொரு வயதுப் பையனுக்கு அதைவிடக் கம்பிச் சித்திரங்கள் பிடிக்கும். தெருமுனைகளில் இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரம் போலச் செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் கதை. முன்பு யார் இருந்தார்கள், என்ன விற்றார்கள் என்று. எத்தனை கண்டுபிடிக்கிறாய் என்று போட்டி வைத்துவிடுங்கள். கைபேசியைக் கேட்க மாட்டான்.

அதே ஆர்மீனியன் தெருவில் 120-ம் எண் வீட்டில் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் இருந்து வேலை பார்த்தார். 1911-ல் சீனப் பேரரசையே கவிழ்த்த புரட்சிக்கான திட்டங்களில் ஒன்று 1910-ல் பினாங்கில் பேசி முடிவானது. சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் நிற்கிற வரிசையில் பத்தில் ஒருவர் கூட அந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜூரோங்_அக்கா | செவ்வாய், இரவு 8:40

ஜெட்டி வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடலுக்குள் கம்பம் நட்டுப் பலகை போட்டுக் கட்டிய வீடுகள், பெரும்பாலான ஜெட்டிகளில் ஒரே குலத்தார். சியூ ஜெட்டிதான் பெரியது. அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே எட்டிப் படம் எடுக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியைப் படம் எடுப்பவர்களைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. பலகைப் பாதை அத்தைக்குச் சரிப்படாது. இடுக்கும் மேடு பள்ளமும் இருக்கும். அப்பாவும் மகனும் மட்டும் போய்வரட்டும்.

கடைவீட்டு முன் நடைபாதையும் அப்படித்தான். கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள். அத்தைக்கு திரிஷா நல்லது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், ஓட்டுபவர் பின்னால் மிதிப்பார். ஏறும்முன்பே எவ்வளவு நேரம், எவ்வளவு ரிங்கிட் (மலேசியப் பணம்), ஒருவருக்கா இரண்டு பேருக்கா என்று பேசிவிடுங்கள். துறை வாசலில் "முழு ஊரும் சுற்றிக் காட்டுகிறேன்" என்று வருகிற வண்டிக்காரர்களைத் தாண்டி வந்துவிடுங்கள். நூறு அடி தள்ளிக் கிராப் அழைத்தாலே பாதி விலைக்கு முடியும்.

நாகூரான் | செவ்வாய், இரவு 9:15

சாப்பாட்டை விட்டுவிட்டீர்களே! அண்ணன் அசைவம் என்றால் நாசி கண்டார். கெம்பல் தெருவில் 1907-லிருந்து நடக்கிற ஹமீதியா இருக்கிறது. மட்டன் குழம்பு, கோழி, கணவாய் எல்லாக் குழம்பையும் சோற்றின் மேல் ஒன்றாக ஊற்றச் சொல்லுங்கள், அதுதான் முறை. வெள்ளிக்கிழமை தொழுகை விட்டதும் கூட்டம் அலைமோதும். 3:30-க்கு மேல் போனால் மேசை கிடைக்கும்.

மணிமேகலை_திருச்சி | புதன், காலை 7:50

கணவருக்கும் மகனுக்கும் நாசி கண்டார் என்றதும் உயிர் வந்துவிட்டது. எனக்கும் அத்தைக்கும்?

ஜூரோங்_அக்கா | புதன், காலை 8:25

லிட்டில் இந்தியாவில் பசார் தெரு, பினாங்குத் தெரு இரண்டிலும் சைவ உணவகங்கள் வரிசையாக உண்டு. வாழையிலைச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல் சில இடங்களில் முடிந்துவிடும், அதன்பிறகு தோசை, இட்லி, வடை. சீனச் சைவக் கடைகளும் உண்டு, ஆனால் அத்தைக்கு "இறைச்சி போலவே இருக்கிறதே" என்று சந்தேகம் வரும். லக்சா, சார் குவே தியாவ் போன்ற நூடுல்ஸ் பக்கம் போக வேண்டாம். லக்சாவின் சாறே மீனில்தான். காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. செண்டோல் எல்லோரும் சாப்பிடலாம்: தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை மாவு நெளிகள். வெயிலுக்கு அமிர்தம்.

கப்பலிலேயே மதியச் சாப்பாட்டை 12 மணிக்கு முடித்துவிட்டு இறங்குங்கள். காசு கட்டிய சாப்பாடு, அதை விட்டுவிட்டு இறங்கியதும் கடை தேடி முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பினாங்கு_பையன் | புதன், மதியம் 1:30

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு வழி சொல்கிறேன். அடிப்படை ஒன்றுதான்: துறையிலிருந்து தூரமாக இருப்பதில் தொடங்கிக் கப்பலை நோக்கியே நடந்து வாருங்கள். நேரம் இறுக்கினால் எந்த இடத்திலும் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இறங்கியதும் நாலு பேரும் ஒரு கிராப் பிடித்து நேராகக் கூ கோங்சி. வெயில் கொளுத்துகிற 2 மணிக்குக் கூரைக்குக் கீழே இருப்பது நல்லது, அது 5 மணிக்கு மூடியும் விடும். கூ குலத்தாரின் மண்டபம். முதலில் கட்டியது 1901-ல் தீப்பிடித்துப் போனது. சக்கரவர்த்தியின் அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால்தான் வானமே எரித்துவிட்டது என்று பயந்து, இப்போது இருப்பதைக் கொஞ்சம் சிறிதாக 1906-ல் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. சிறியதே இப்படியா என்று வாய் பிளப்பீர்கள். கூரை விளிம்பில் இருக்கிற பீங்கான் துண்டுச் சிற்பங்களை அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மேல் மண்டபத்துக்குக் கொஞ்சம் படி உண்டு. அத்தைக்கு முடியாவிட்டால் முற்றத்திலிருந்தே முகப்பு முழுவதும் தெரியும்.

அங்கிருந்து வெளியே வந்தால் ஆர்மீனியன் தெரு. அண்ணனும் மகனும் கம்பிச் சித்திர வேட்டையோடு சியூ ஜெட்டி வரை போய்வரட்டும், பத்து நிமிட நடைதான். நீங்களும் அத்தையும் ஏதாவது காப்பிக் கடையில் விசிறிக்குக் கீழே உட்காருங்கள். 3:30 வாக்கில் எல்லோரும் பள்ளிவாசல் பக்கம்.

பிறகு அண்ணனும் மகனும் நாசி கண்டார் என்றால் கெம்பல் தெருவுக்குப் போவார்கள், நீங்கள் இருவரும் திரிஷாவில் லிட்டில் இந்தியா. 5 மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலில் சந்திப்பு. கோயில் முடிந்து அடுத்த முனையில் குவான் யின் கோயில், அதைத் தாண்டினால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-ல் எழுந்தது. கல் சுமந்து கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள். பள்ளிவாசல், அம்மன் கோயில், சீனக் கோயில், தேவாலயம் நாலும் ஒரே தெருவை ஒட்டி இருப்பதால் "ஒற்றுமைத் தெரு" என்று சுற்றுலாத் துறை பெயர் வைத்திருக்கிறது. பெயர் கொஞ்சம் விளம்பரம் போலத்தான், ஆனால் தெரு நிஜம்.

6 மணிக்குக் கோட்டைப் பக்கம். கார்ன்வாலிஸ் கோட்டைக்கு உள்ளே போக நேரம் இருக்காது, பெரிய இழப்பும் இல்லை. சண்டையே பார்க்காத கோட்டை அது. பக்கத்தில் மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் சியா சென் இயோக் என்ற பணக்காரர் கட்டிக் கொடுத்தது. போரில் விழுந்த குண்டு அதிர்ச்சியில் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மகனிடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். சூரியன் ஏழரை வாக்கில்தான் மறையும் என்பதால் 6:30-க்கு வெளிச்சத்திலேயே துறைக்குள் போய்விடுவீர்கள்.

மழை வந்தால் ஜெட்டியை வெட்டுங்கள். அதற்குப் பதில் சர்ச் தெருவில் பெரானாக்கான் மாளிகை இருக்கிறது, உள்ளே ஒரு மணி நேரம் போதும். அதுவும் 5-க்குள் முடிக்க வேண்டும். நீல மாளிகைக்கு ஆசைப்படாதீர்கள். வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது குறிப்பிட்ட நேரங்களில்தான், அந்த நேரம் உங்களோடு ஒத்துவராது.

கூடல்நகர்_வாசி | புதன், மதியம் 2:45

எல்லாம் சரி, 5 மணிக்குக் கோயில் வாசலில் சந்திப்பு என்பதுதான் இடிக்கிறது. கையில் வெளிநாட்டு எண் வேலை செய்யாவிட்டால் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடலோடி68 | புதன், மாலை 4:10

கைபேசி இல்லாத காலத்தில் கண்டுபிடித்தது போலத்தான். இடம், நேரம், அரை மணி தாமதமானால் நேராகத் துறை வாசல். இதை மட்டும் நாலு பேரும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். உங்கள் மகன் ஒரு நாளும் தனியாகப் பிரியக் கூடாது.

முக்கியமானது ஒன்று பாக்கி. அம்மா, உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவா என்று பார்த்தீர்களா? விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலில் திரும்புவது இன்னொரு நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு வந்தால் கப்பல் ஏறும்போதே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையும் இரண்டாவது முறை தனியாக நிரப்ப வேண்டும்.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. கிளம்பும்முன் அது நீடிக்கிறதா என்று அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மலேசிய மின்னணு வருகை அட்டையை வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம்தான். அதே பெயரில் காசு கேட்கிற போலித் தளங்கள் உண்டு, கவனம். கப்பல் உங்கள் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் முதல் பக்கத்தின் நகலைப் பையில் வையுங்கள்.

மணிமேகலை_திருச்சி | புதன், இரவு 9:30

விசா பார்த்தேன் ஐயா, பலமுறை நுழைவுதான். பயந்தே போனேன். மலேசிய அட்டைக்கு நாள்காட்டியில் குறித்துவிட்டேன்.

அத்தை ரதத் தெருவுக்குச் சம்மதம். கணவர் மட்டும் "வழியில் நேரம் இருந்தால் கோட்டைக்குள் ஒரு பத்து நிமிடம்" என்கிறார். கடைசிக் கேள்வி: ரிங்கிட் திருச்சியிலேயே மாற்றுவதா, அங்கே மாற்றுவதா?

நாகூரான் | புதன், இரவு 10:05

அங்கேதான். பினாங்குத் தெருவில் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கும், பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள், தமிழிலேயே விலை கேட்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பூட்டியிருக்கும், நீங்கள் முதலில் போவதும் கூ கோங்சி. அதனால் நுழைவுச்சீட்டுக்கும் முதல் வண்டிக்கும் மட்டும் கொஞ்சம் ரிங்கிட் சிங்கப்பூரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தேக்கா_தம்பி | புதன், இரவு 10:20

சிங்கப்பூரில் முஸ்தபா கடைப் பக்கம் மாற்றுங்கள் அக்கா, நல்ல விலை கிடைக்கும். குடையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், கோட்டைக்குப் பத்து நிமிடம் போதாது. புக்கெட்டில் காலை எத்தனை மணிக்கு அணைகிறது? அதற்கு ஒரு இழை போடுங்கள், அங்கே மலை உச்சியில் பெரிய புத்தர் இருக்கிறார்.

பினாங்கு_பையன் | புதன், இரவு 10:24

இவர் மலையை விடவே மாட்டார் போலிருக்கிறதே!